இருக்க விருப்பம் உள்ள காலம் வரை

“இது எங்க வாப்பா கட்டின ஊடு! ஒங்க வாப்பா கட்டினதில்ல மதினி!”

“கட்டினது யாருன்னு நான் கேக்கல தம்பி. இப்ப இருக்கிறது யாரு? அதச் சொல்லுங்க.”

“இன்னும் மூணு நாளு. இத்தா முடிஞ்ச அன்னைக்கே பெட்டியக் கட்டணும். சொல்லிட்டேன்.”

“நான் எங்கயும் போகல.”

“போக வைப்பேன்!”

அப்போது மணி மாலை நாலு நாற்பது. 1957, அந்தப் பெருமழை வருஷம். டிசம்பர் இருபத்து மூன்று, திங்கட்கிழமை. இடம், லிந்துலை கடைவீதி. நான் மணி பார்த்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பக்கத்து வீட்டு மதினி கொழுந்தன் சண்டை எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று மறுநாள் குழாயடியில் கேட்பார்கள். தப்பாகச் சொன்னால் என் மரியாதை என்னாவது?

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நான் ஒன்றைக் கேட்டால் மூன்றாகச் சொல்வேன் என்று என் வீட்டுக்காரர், தையல்கார இராமையாவே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இதில் அப்படி எதையும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தைரியம் வரவில்லை.

எங்கள் வீட்டுக்கும் பாவா முதலாளி வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் நான் குனிந்து எடுக்கப் போவேன். நான் ஒட்டுக் கேட்கிறவள் இல்லை. கேட்காமல் இருக்க வழியில்லாதவள்.

பாவா முதலாளி துணிக்கடை வைத்திருந்தார். முன்னால் கடை. அதற்குப் பின்னால் ஒரு நடை. நடை முடிகிற இடத்தில் கதவு, கதவுக்கு அப்பால் இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி. அவருடைய வாப்பா விட்டுப்போன வீடு. ஆகஸ்ட் மாதம் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. பிள்ளை குட்டி கிடையாது. மனைவி அசீசா ஒருத்திதான் மிச்சம். பதினெட்டு வருஷம் அந்தக் குசினியில் புகை குடித்தவள். இழுப்பு நோய்க்காரி. அவள் இருமத் தொடங்கினால் என் பக்கத்துப் பலகையில் மாட்டியிருக்கும் முருகன் படம் ஆடும்.

புருஷன் இறந்தால் முஸ்லிம் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார்கள். வெள்ளை உடுப்பு. வெளியே போகக் கூடாது. அந்நிய ஆண் பார்வையில் படக் கூடாது, கொழுந்தனும் அந்நியன்தான். பேசுவதென்றால் திரைக்குப் பின்னாலிருந்து பேச வேண்டும். அந்த நாள் முடியும்வரை அவளை வீட்டைவிட்டு யாரும் கிளப்பவும் கூடாது. அது அவர்கள் மார்க்கம் கொடுத்த உரிமை.

அதனால்தான் கொழுந்தன் லாபிர், அண்ணனை நானா என்று கூப்பிடுகிறவர், ஹட்டனில் கடை வைத்திருப்பவர், நாலு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வீட்டை விற்க ஆள் பார்த்தாயிற்று. உள்ளே ஆள் இருந்தால் வேண்டாம் என்று வாங்குகிறவன் சொல்லிவிட்டான். அசீசாவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது கடைவீதியில் எல்லோருக்கும் தெரியும். லாபிருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் குரல் அவ்வளவு உயர்ந்தது.

அதற்கு முந்திய ஐந்து நாள் நான் ஊரில் இல்லை. வட்டவளையில் தங்கைக்குப் பிரசவம். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ரயிலில் தலவாக்கலை வந்து இறங்கி வீடு சேர்ந்தேன். அன்று இரவே வட்டவளைப் பக்கம் மண் சரிந்து ரயில் பாதை மூடிவிட்டது. தந்திக் கம்பியும் அறுந்தது. ஐந்து நாளாக ஊர்ச் சேதி தெரியாமல் தவித்து வந்தவளுக்கு, மறுநாளே பக்கத்து வீட்டில் சண்டை. விடுவேனா? கொத்தமல்லிக் கோப்பியைத் தம்ளரில் ஊற்றினேன். அதையே சாக்காக வைத்துக் கிளம்பினேன்.

நாலு ஐம்பது. கடைப் படிவரை மூடுபனி வந்து நின்றது. அந்த நேரத்துக்கே இருட்டு.

கடைக்குள் லாபிர் நின்றுகொண்டிருந்தார். பள்ளிவாசல் லெப்பை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பஞ்சாயத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். நடைக் கதவு திறந்திருந்தது. வாசலில் பச்சைத் திரை. திரைக்குக் கீழே விளக்கு வெளிச்சம்.

“வாங்க அழகம்மா அக்கா” என்றார் லாபிர். “இன்னும் காணமேன்னு பார்த்தேன்.”

“அசீசாம்மாவுக்குக் கோப்பி கொண்டாந்தேன் மொதலாளி. ஒங்களுக்கும் வேணுமா? கத்திக் கத்தித் தொண்டை வத்திப் போயிருக்குமே.”

லெப்பை தாடியைத் தடவுகிற சாக்கில் சிரிப்பை மறைத்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “அழகம்மா, நீயும் இரு. சாட்சி வேணும்.”

அசீசா குரல்தான். ஆனால் மூக்கடைத்த குரல். இந்த மழைக்கு யாருக்குத்தான் சளி பிடிக்காது என்று நினைத்தேன். இன்னொன்றும் அப்போதே உறுத்தியது. சண்டை தொடங்கியதிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு இருமல் இல்லை.

ஒன்றுகூட.

“கடைசியா கேக்கிறேன்” என்றார் லாபிர். “ஒங்களுக்கு என்னதான் வேணும்?”

“கடைய வித்துக்கங்க. முன்பக்கம் முழுக்க வித்துக்கங்க. என் பங்கையும் சேர்த்தே வித்துக்கங்க. பின்னால ரெண்டு அறை, குசினி. அது எனக்கு. எழுதித் தாங்க.”

“எழுதித் தராட்டி?”

“இத்தா முடிஞ்ச மறுநாள் நீங்க பூட்டுப் போடுவீங்க. எனக்குத் தெரியும். நடுத்தெருவுல நிக்கிறதுக்கா நான் ஒங்க நானாவக் கட்டிக்கிட்டு வந்தேன்?”

லெப்பை தொண்டையைக் கனைத்தார். “லாபிர், அந்தப் புள்ள கேக்கிறதுல நியாயம் இரிக்கி. பங்கையே விட்டுத் தாரேங்குது.”

லாபிர் யோசித்தார். பிறகு என்னைக் கடை மூலைக்குக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்.

“ராவையில எப்படி இருமுறாங்க?”

“பலகையே அதிருது மொதலாளி.”

“ஒரு வருசம் தாங்குமா?”

பலகை அதிர்வதைச் சொன்னதே அவருக்குப் போதும். அவர் முகம் தெளிந்துவிட்டது. அந்த இருமலைப் பற்றி வாயைத் திறந்ததற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

“சரி, எழுதுங்க லெப்பை” என்றார்.

லெப்பை அன்று பகல் ஒரு கல்யாணத்துக்குக் காவின் பதிவு எழுதிவிட்டு நேரே இங்கே வந்திருந்தார். அதனால் தாள், பேனா, கைநாட்டு வைக்கிற மைப்பெட்டி எல்லாம் பையிலேயே இருந்தன. எழுதி, எல்லோரும் கேட்கப் படித்தார்.

“...அசீசா உம்மா தன் உயிர் உள்ள காலம் வரைக்கும் மேற்படி இரண்டு அறைகளிலும் குசினியிலும் குடியிருக்க...”

“லெப்பை.”

“என்ன மகள்?”

“உயிர் உள்ள காலம்னு வேணாம். அத வெட்டிருங்க.”

“அப்ப என்னண்டு எழுத?”

“இருக்க விருப்பம் உள்ள காலம் வரைன்னு எழுதுங்க.”

லாபிர் வாய்விட்டுச் சிரித்தார். “ரெண்டும் ஒண்ணுதானே மதினி!”

“ஒண்ணுதானே தம்பி. அப்ப எழுதுங்க.”

எழுதினார்கள். ஐந்து இருபதுக்கு லாபிர் கையெழுத்துப் போட்டார். நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் வகுப்புவரை படித்தவள். என் பெயரைப் பிழையில்லாமல் எழுதுவேன். அசீசாவுக்குக் கையெழுத்து வராது. திரைக்குள் ஆண்கள் போக முடியாது. லெப்பை தாளையும் மைப்பெட்டியையும் என்னிடம் நீட்டினார்.

“நீங்க போய் நாட்டு வாங்கிட்டு வாங்க.”

ஒரு கையில் கோப்பி, ஒரு கையில் மைப்பெட்டி, கக்கத்தில் தாள். திரையைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

முதலில் வாசனைதான். கற்பூரம், பன்னீர்... அதோடு பச்சை மண் வாசனை.

அசீசா தரையில் படுத்திருந்தாள். பாயில் இல்லை, வெறும் பலகையில். தலையிலிருந்து கால்வரை வெள்ளை. இரண்டு காலையும் சேர்த்து நேராக நீட்டியிருந்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தாள்.

“என்ன அசீசாம்மா, நனைஞ்சிருக்கீங்க?”



சொட்... சொட்... என்று கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கூரை ஒழுகவில்லை. துணியிலிருந்துதான் சொட்டியது.

“கோப்பி சூடா இருக்கு. குடிங்க.”

“வை.”

வைத்தேன். தாளை விரித்தேன். மைப்பெட்டியைத் திறந்தேன்.

வெள்ளைத் துணிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. பிடித்தேன்.

அத்தனை வருஷமாக நான் பிடித்த கைதான்... ஆனால் குளிர். ஆற்றுக் கல்லின் குளிர். விரல்கள் மடங்கவில்லை.

பெருவிரலை நான்தான் மையில் அழுத்தினேன். நான்தான் தாளில் பதித்தேன்.

“பதிஞ்சிருச்சா?”

“பதிஞ்சிருச்சு.”

“இனி யாரும் என்னை எழுப்ப முடியாது.”

திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

லெப்பை தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். மஃரிபு தொழுகைக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். ஐந்து நாற்பதுக்கு லாபிர் கடையைப் பூட்டிக்கொண்டு அவரோடு நடந்தார். மைப்பெட்டியை உள்ளேயே விட்டுவிட்டேன் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. போய் எடுத்துக் கொடுத்திருக்கலாம். கால் வரவில்லை. நனைந்த கை, அதுதான் சில்லிட்டிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஐந்து ஐம்பத்தைந்து. பின்கதவைத் தட்டினார்கள்.

காளியாயி. தோட்டத்து லயத்திலிருந்து வந்து அசீசாவுக்குத் தண்ணீர் எடுத்து, விறகு பிளந்து கொடுக்கிறவள். தலையில் போட்டிருந்த சாக்கு நனைந்து ஒட்டிக் கிடந்தது.

“அக்கா, நெருப்புப் பெட்டி இருந்தாக் குடுங்க. என்னது ஈரமாயிருச்சு. ஆத்துல தண்ணி ஏறி வர நேரமாயிருச்சுங்க.”

“எதுக்குடி இப்ப?”

“அசீசாம்மா வீட்டுல வெளக்கேத்தணும்.”

“அங்கதான் எரியுதே. இப்பத்தான் பார்த்துட்டு வாரேன்.”

காளியாயி என்னையே பார்த்தாள்.

“யாரு அக்கா ஏத்துனது?”

“யாரு ஏத்துவா? அவங்கதான்.”

“அந்தம்மா இங்க இல்லீங்களே அக்கா...”

சாக்கைத் தலையிலிருந்து உருவினாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். வெள்ளிக்கிழமை ராத்திரி அசீசாவுக்கு இழுப்பு அதிகமாகி மூச்சே நின்றுவிடும் போலிருந்ததாம். நல்லவேளை, அவளுடைய தம்பி ரிஸ்வி கண்டியிலிருந்து பார்க்க வந்திருந்தாராம். அவரே காரில் போட்டுக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாராம். காரில் ஏறுமுன் அசீசா காளியாயியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்: யாரிடமும் மூச்சு விடாதே. வீடு சும்மா கிடக்கிறது என்று தெரிந்தால் லாபிர் பூட்டிவிடுவான். தினமும் வந்து விளக்கேற்று. நான் உள்ளே இருக்கிறேன் என்றே நினைக்கட்டும்.

“சத்தியம் வாங்கிட்டாங்கக்கா. அதான் ஒங்கக்கிட்டகூட...”

ஒரு வீட்டுச் சேதி என்னைத் தாண்டி மூன்று நாள் இருந்திருக்கிறது. வேறு நாளாயிருந்தால் அதற்கே நான் கோபப்பட்டிருப்பேன்.

பக்கத்து வீட்டுப் பின்கதவுக்குப் போனோம். வெளியே பூட்டுத் தொங்கியது. சாவி காளியாயி மடியில்.

திறந்தாள்.

இருட்டு.

நான் நெருப்புக் குச்சியைக் கிழித்தேன். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பிடித்தது.

விளக்கு மாடத்தில் இருந்தது. சிமினியைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. திரி காய்ந்து கிடந்தது.

நடைக் கதவு உள்ளால் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

“நேத்து நான்தாங்க போட்டேன்” என்றாள் காளியாயி. “போட்டுட்டு இந்தப் பக்கமாத்தான் போனேன்.”

அந்தக் கதவு வழியாகத்தான் நான் போனேன். வந்தேன்.

குச்சி விரலைச் சுட்டது. இன்னொன்று கிழித்தேன்.

பலகைத் தரையில் என் தம்ளர். கோப்பி நிறைந்தபடியே.

பக்கத்தில் மைப்பெட்டி.

அதற்குப் பக்கத்தில் ஈரம்... ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்கு.

நாலாவது குச்சி கிழிக்கவில்லை.

தந்தி இருபத்தேழாம் தேதி வந்தது. அதற்கடுத்த நாள் ரிஸ்வியே வந்தார். அசீசா திங்கட்கிழமை காலை பத்து பத்துக்கு ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். பாதையெல்லாம் உடைந்து கிடந்ததால் உடலை, அவர்கள் சொல்கிற மையத்தை, லிந்துலைக்குக் கொண்டுவர வழியில்லை. கண்டியிலேயே குளிப்பாட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, வெள்ளைக் கபன் துணி சுற்றி, கொட்டுகிற மழையில் அடக்கினார்கள். மண் போட்டு முடித்தபோது ரிஸ்வி கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார்.

நாலரை மணி.

சண்டை தொடங்கியது நாலு நாற்பதுக்கு. நான் மணி பார்த்தவள்.

லாபிர் விடவில்லை. தாள் பொய், கைநாட்டு பொய், அழகம்மாதான் தன் விரலை வைத்துவிட்டு வந்தாள் என்று பள்ளிவாசல் முன்னாலேயே சத்தம் போட்டார். லெப்பை பேசாமல் உள்ளே போனார். பதினெட்டு வருஷத்துக்கு முந்திய காவின் பதிவை எடுத்து வந்தார். அதில் மணப்பெண் அசீசாவின் பெருவிரல் ரேகை இருந்தது. இரண்டையும் பூதக்கண்ணாடி வைத்து லெப்பை பார்த்தார். ரிஸ்வி பார்த்தார். கடைசியில் லாபிரும் பார்த்தார். விரல் நடுவில் ஒரு வெட்டுக் காயத் தழும்பு. சின்ன வயதில் அரிவாள்மணை பட்டதாம். பதிவில் இருந்த அதே இடத்தில் தாளிலும் இருந்தது.

லாபிர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக்கூட மறந்து நடந்து போனார்.

வாங்க வந்தவன் தாளைப் படித்தான். “விருப்பம் முடிஞ்சிருச்சுன்னு யாரு வந்து சொல்லுவா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். அதோடு ஹட்டன் பஸ்ஸில் ஏறிவிட்டான். பிறகு லாபிரே குடும்பத்தோடு வந்து குடியேறினார். பதினோரு நாள் இருந்தார்கள். என்ன நடந்தது என்று அவர் மனைவி றுக்கையா இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்காத வழி இல்லை. பன்னிரண்டாம் நாள் விடியற்காலை கம்பளையில் தாய் வீட்டுக்குப் போனவள், திரும்பி லிந்துலைப் பக்கம் வரவே இல்லை. முன்பக்கத்தை மட்டும் ஒரு பேக்கரிக்காரருக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பின்பக்கம் அப்படியே கிடந்தது.

1960-ல் லாபிர் மகள் ரஸீனாவுக்கு மாத்தளையில் கல்யாணம் முடிந்தது. ஹட்டன் கடையும் நொடித்துப்போக, லாபிர் அந்த மகள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தார். மருமகன் பின்னால் சாமான் அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறாராம். அங்கே இருக்கலாம் என்று அவருக்கு எழுத்து எதுவும் கிடையாதாம். ரிஸ்வி அக்குறணையில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டார். காளியாயி மகனோடு இராகலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வேலைப் பேரை மாற்றிக்கொண்டு போனாள்.

நாங்கள் 1962 ஏப்ரலில் தலவாக்கலைக்குக் குடிமாறினோம். காரணத்தை என் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். தையல் வேலை குறைந்துவிட்டது என்பார்.

எங்கள் பழைய வீட்டுக்கு அம்மாக்கண்ணு என்று ஒருத்தி குடும்பத்தோடு குடிவந்தாள். ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, தலவாக்கலைச் சந்தையில் அவளைப் பார்த்தேன். வீடு எப்படி என்று கேட்டேன்.

“நல்ல வீடுங்கக்கா. பக்கத்து வீட்டம்மாவும் தங்கமான மனுசி. வெளியதான் வர மாட்டாங்க. திரைக்குப் பின்னால இருந்தே பேசுவாங்க. நீ எத்தனை நாளு இருக்கப் போறேன்னு தெனம் கேப்பாங்க.”

கருவாட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் வாயில் ஒரு சேதி தங்கியது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த மாதமே அந்தக் குடும்பம் பூண்டுலோயாவுக்குக் குடிமாறிப் போய்விட்டதாம். யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது.

நான் இல்லை.